ஹர்ஷாவின் கழுத்தளவு

மே மாதத்து மத்தியானம். வெயில் நாற்பத்திரண்டு டிகிரி. ஹைதராபாத் சனத்நகரில் லேத் பஸ்தி என்ற சந்துக்குள் ஒரு படகு நுழைந்தது.

லாரியில் வந்த படகு. சந்து குறுகல் என்பதால் லாரி முனையிலேயே நின்றுவிட்டது. உயிர்காப்புச் சட்டை மாட்டிய நான்கு பேர் அந்த ஆரஞ்சு ரப்பர் படகைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். வழியில் பழைய சேலை விரித்து மிளகாய் காயப் போட்டிருந்தது. அதை மிதித்துவிடாமல் நால்வரும் ஓரமாக ஒதுங்கி, படகைச் சாய்த்து, பக்குவமாகத் தாண்டினார்கள்.

"பானி கிதர் ஹை?" தண்ணீர் எங்கே என்று முன்னால் வந்தவர் கேட்டார்.

மிளகாய்க்குக் காவல் இருந்த பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தெருக்குழாயைக் காட்டி, தண்ணீர் நாலு மணிக்கு வரும் என்றார். வேண்டுமானால் வரிசையில் குடம் வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார்.

சந்தின் மறுகோடியில் கையில் டேப்லெட்டோடு நின்றிருந்த சுபாஸ்ரீக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாவம், யாரோ விலாசம் மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். முன்னால் வந்தவர் போனை எடுத்து, தனக்கு வந்த செய்தியைச் சத்தமாகப் படித்தார். லேத் பஸ்தி. அறுபத்தொரு வீடுகளில் வெள்ளம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பத்தெட்டு. அவசரம்.

சிரிப்பு நின்றது. அறுபத்தொன்று, நாற்பத்தெட்டு. அந்த இரண்டு எண்களையும் நேற்று மாலை அவள்தான் பதிவேற்றியிருந்தாள்.

சுபாஸ்ரீ மயிலாடுதுறைப் பெண். புள்ளியியல் பட்டதாரி. ஹைதராபாத்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. அல்வாலில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. தாழ்வான சந்துகளில் வீடு வீடாகப் போய், எத்தனை குழந்தைகள், என்ன வயது, கடைசியாக எப்போது வீட்டுக்குள் வெள்ளம் வந்தது, எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டு எழுத வேண்டும். எல்லாம் ஒரு வரைபடத்தில் ஏறும். மழைக்காலம் தொடங்குமுன் எந்தக் குழந்தையை எங்கே கொண்டுபோவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மூன்று நாளைக்குள் வெள்ளம் வந்ததாக யாராவது பதிந்தால், அந்த மென்பொருள் மனிதர்களைக் கேட்காமல் தானே மீட்புக் குழுவுக்குச் செய்தி அனுப்பிவிடும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். சுபாஸ்ரீயை அதைச் செய்தவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்ட்டு வரதுக்குள்ள சந்து மொத்தத்தையும் முழுகடிச்சுட்டியேடி," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

சாஹித்யா. சித்தி மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. அவளும் சுபாஸ்ரீயும் ஒரே நிறுவனம், ஒரே வேலை. ஆனால் சாஹித்யா சிகந்தராபாத்திலேயே பிறந்தவள். அவள் தாத்தாவுக்கு அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்தவர். யார் வீட்டு வாசலிலும் அவள் சொந்தக்காரி போல உட்கார்ந்துவிடுவாள்.

"நான் ஒண்ணும் பண்ணல சாஹி. அவங்க சொன்னததான் எழுதினேன். பர்ஸோன் வந்துச்சுன்னாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

சாஹித்யா மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பர்ஸோன்னா என்ன?"

"முந்தாநாள்." சுபாஸ்ரீக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. "ஹிந்தில ராஷ்ட்ரபாஷா வரைக்கும் பாஸ் பண்ணிருக்கேன் நான். எண்பத்தாறு மார்க்."

"ஹவ், ஆமா, அது புஸ்தகத்து ஹிந்தி. இங்க நேத்துக்கு முன்னாடி போனது எல்லாமே பர்ஸோன்தான். போன வாரம் பர்ஸோன். எங்கக்கா கல்யாணம் பர்ஸோன்தான் ஆச்சு, அவ பொண்ணு இப்ப அஞ்சாங்கிளாஸ். எங்க கொள்ளுத்தாத்தா சிகந்தராபாத் வந்தாரு பாரு, நெருக்கிக் கேட்டா அதுவும் பர்ஸோன்தான்."

சுபாஸ்ரீ டேப்லெட்டைப் பார்த்தாள். அறுபத்தொரு வீடு. அறுபத்தொரு பர்ஸோன். அதில் எத்தனை போன மழைக்கு, எத்தனை அதற்கு முந்தின மழைக்கு?

"எந்த பர்ஸோன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் சாஹித்யா.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் முதல் கேள்வி கேட்பதற்கே சுபாஸ்ரீ வாசலில் நின்று மூன்று முறை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கேள்வி என்பது அவள் வம்சத்திலேயே கிடையாது. பதில் வந்ததும் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவாள்.

தெரு காய்ந்து கிடக்கிறதே, மழையே இல்லையே என்று தோன்றாமல் இல்லை. அறிவியல் படித்தவர்களிடம் இது ஒரு தொல்லை: எதுவும் புரியவில்லை என்றால் காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தின் ஓரமாக ஓடும் சாக்கடை ஓடைக்கு இங்கே நாலா என்று பெயர். அது மழையில்லாமலே பின்னோக்கிப் பொங்குகிறது என்று அவள் முடிவு கட்டினாள். 'மழையில்லா வெள்ளம்: ஒரு கருதுகோள்' என்று தலைப்பிட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியும் வைத்திருந்தாள். நல்லவேளை, இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

அதற்குள் படகு தரைக்கு இறங்கியிருந்தது. மீட்புக்காரர்கள் வியர்வையில் குளித்திருந்தார்கள். மிளகாய்க்காரப் பெண்மணி அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். வந்தது வந்தாயிற்று என்று அவர்களும் கோபப்படாமல் உட்கார்ந்தார்கள். படகுக்குள் பதினாறு குழந்தைகள் ஏறிவிட்டார்கள். ஒருவன் துடுப்பால் சந்துப் புழுதியைத் தள்ளினான். மற்றவர்கள் அவனை வேகமாகத் தள்ளச் சொல்லி விரட்டினார்கள்.

சுபாஸ்ரீயின் போன் அடித்தது. வார்டு அலுவலகத்து சாய்குமார்.

சாய்குமார் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து நிதானமாகப் பேசினார். "மேடம், உங்கள் விவரம் ஒரு படகை அனுப்பியிருக்கிறது. நாளைக்கு ஹெலிகாப்டர் ஏதாவது வருமா? தெரிந்தால் நான் மொட்டைமாடியைக் காலி பண்ணி வைக்கிறேன்."

"சாரி சார்."

"பரவாயில்லை. லேத் பஸ்தியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். தேதியே தப்பு என்றால் மற்றதை எப்படி நம்புவது?"

"சாரி சார்," என்று இன்னொரு முறை சொன்னாள். போன் வைக்கப்பட்டுவிட்டது.

பட்டியல் என்பது சின்ன விஷயமில்லை. வார்டு அலுவலகத்துச் சமூகக் கூடத்தின் மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. தாழ்வான இடத்தில் இருக்கும் மூன்று அங்கன்வாடிகள் அதைக் கேட்டிருந்தன. எது மிக ஆபத்தில் இருக்கிறதோ அதற்கு அந்த அறை. மற்ற இரண்டும் இந்த மழைக்காலத்தையும் இருக்கிற இடத்திலேயே கழிக்க வேண்டியதுதான். கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. இன்று புதன்.

லேத் பஸ்தி அங்கன்வாடி அவள் நின்ற இடத்துக்கு எதிரில்தான் இருந்தது. தெருவிலிருந்து மூன்று படி இறங்கினால் வரும் ஒற்றை அறை. உள்ளே இருபத்தேழு எவர்சில்வர் தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். டீச்சர் லூர்துமேரி வாசலில் நின்று, படகில் இருக்கிற தன் பிள்ளைகளைத் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், மாடி ரூம் போயிரும் போலருக்கு," என்றாள் சாஹித்யா.

"எங்க போகும்?"

"நமக்கு வராதாம். நம்ம சுபா எழுதின தேதி தப்பு."

லூர்துமேரி எண்ணுவதை நிறுத்தாமல் சுபாஸ்ரீயைப் பார்த்தார். திட்டவில்லை. பதினாலு, பதினைஞ்சு, பதினாறு என்று முடித்துவிட்டுச் சொன்னார். "சரியான தேதி எழுதிக் குடுத்துருமா. பிள்ளைங்க இந்தக் குழிக்குள்ள மழைக்கு உக்காரக் கூடாது."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா டீச்சர்? எப்ப வந்துச்சுன்னு?"

"எனக்கெப்படித் தெரியும்? பெருமழைன்னா லீவு விட்டுருவாங்க, பஸ்ஸும் ஓடாது. நான் போலாரத்துல என் வீட்டுல இருப்பேன். திரும்பி வரதுக்குள்ள தாய்மாருங்க கழுவி விட்டுருப்பாங்க."

அன்று சாயங்காலமே சுபாஸ்ரீயும் சாஹித்யாவும் மறுபடி வாசல் வாசலாக ஏறினார்கள். இந்த முறை சாஹித்யா நேராகக் கேட்டாள்: எந்த வருஷம்?

கொரோனா வருஷம் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளம் வந்தபோது மாஸ்க் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆகவே கொரோனா போனதற்குப் பிறகு என்றார். மாஸ்க் இன்றைக்கும்தான் அங்கே தொங்குகிறது என்று முதலாமவர் காட்டினார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, பேச்சு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குத் தாவியது. ஒருவர் சொன்ன வருஷத்தில் அந்தச் சந்தே இருந்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் இருபது வீட்டில் பதினோரு வெள்ளம் சேர்ந்தது.

"நக்கோ, வேணவே வேணாம்," என்றாள் சாஹித்யா, திண்ணையில் சரிந்து உட்கார்ந்து. "இதுக்கு பர்ஸோனே தேவலை."

சுபாஸ்ரீ அங்கன்வாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருபத்தேழு தட்டுகளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் வீடு பாமாவுடையது. அங்கன்வாடிக்கு நேர் எதிர் வீடு. பாமாவின் கணவர் பக்கத்து எஞ்சினியரிங் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறவர். பாமா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் ஹர்ஷா அதில் விரலை விட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

வருஷம் என்றதும் பாமா தெலுங்கில் அலுத்துக்கொண்டாள். "வருஷம் யாருக்கம்மா ஞாபகம்? இவனை அங்கன்வாடில சேர்த்த மூணாவது நாள். அது மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை நல்ல நாள்னு சேர்த்தோம், ஞாயித்துக்கிழமை தண்ணி வந்துது. நான் அரிசி டின்னைத் தூக்கிட்டுத் திரும்பறேன், இவன் நடு வீட்ல நின்னுக்கிட்டு 'சேப்பா, சேப்பா'ன்னு குதிக்கறான்."

"சேப்பான்னா?"

"மீனு," என்றாள் சாஹித்யா.

"மீனும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்கப்பா செருப்பு மிதந்துது." பாமா மாவுக் கையை ஹர்ஷாவின் கழுத்தில் வைத்துக் காட்டினாள். "இவ்வளவு. கட்டில்ல ஏத்தறதுக்குள்ள இவ்வளவு ஆயிடுச்சு."

கழுத்தில் மாவு ஒட்டியதில் ஹர்ஷாவுக்குச் சந்தோஷம்.

சுபாஸ்ரீ அந்த மாவுக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்டையைச் செரும மறந்துபோனாள். "அப்ப அவன் எவ்வளவு உயரம் இருந்தான்?" என்று கேட்டாள்.

சாஹித்யா திரும்பிப் பார்த்தாள். சுபாஸ்ரீ வாயிலிருந்து இரண்டாவது கேள்வி வந்ததை அவள் அதுவரை கேட்டதில்லை.

"அதை டீச்சரைக் கேளுங்க," என்றாள் பாமா. "மாசா மாசம் செவுத்துல நிறுத்தி அளக்கறாங்களே."

லூர்துமேரியிடம் ஒரு பழைய ரெக்ஸின் பை உண்டு. தினமும் போலாரத்திலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவார், சாயங்காலம் தூக்கிக்கொண்டு போவார். ஒரு வெள்ளத்தில் பதிவேடுகள் கூழாகிப்போன பிறகு அவர் எதையும் அந்த அறையில் விட்டுப்போவதில்லை. பையைத் திறந்து மூன்று தடித்த நோட்டுகளை எடுத்து வைத்தார். சந்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, மாதாமாதம் எடை, உயரம்.

"என் மாமியாருக்கு சர்க்கரை. அவங்க எடையக்கூட நான் இவ்வளவு ஒழுங்கா எழுதினதில்ல," என்றார்.

ஹர்ஷா சேர்ந்தது ஆகஸ்ட் முப்பது, வெள்ளிக்கிழமை. மூன்றாவது நாள் செப்டம்பர் ஒன்று. அந்த மாதம் உயரம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். சுபாஸ்ரீ பாமாவிடம் அளவு நாடா வாங்கி வந்து, ஹர்ஷாவைச் சுவரில் நிறுத்தினாள். இப்போது மொத்த உயரம் தொண்ணூற்றேழு, கழுத்து வரை எழுபத்தெட்டு. அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் அன்றைக்கு அவன் கழுத்து எழுபத்துநாலு.

முதல் முறையாக ஒரு வெள்ளத்துக்குத் தேதியும் கிடைத்தது, ஆழமும் கிடைத்தது.

சுபாஸ்ரீ டேப்லெட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ஒரே கேள்வியைத் தலைப்பாக எழுதினாள். அப்போது குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது?

சந்தில் அன்று முழுக்க அந்தக் கேள்விதான். வருஷம் தெரியாதவர்களுக்கு எல்லாம் இது தெரிந்திருந்தது. குப்புற விழுந்த வாரம் என்றார்கள். சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான், விட்டால் விழுவான் என்றார்கள். முதல் பல் அன்றைக்குத்தான் வந்தது, அந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்கவில்லை, பிள்ளை கடித்ததும்தான் தெரிந்தது என்றாள் ஒருத்தி. ஒன்றும் செய்யவில்லை, தூங்கினான், இன்றைக்கும் அப்படித்தான், அவங்கப்பா மாதிரி என்றாள் இன்னொருத்தி. உள்ளேயிருந்து அவங்கப்பா இருமினார். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் யாரும் அடியும் அங்குலமும் சொல்லவில்லை. பிள்ளையின் முட்டியைத் தொட்டார்கள், தொப்புளைத் தொட்டார்கள். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்தார்கள்.

மிளகாய்க்காரப் பெண்மணி வீட்டில் சின்னக் குழந்தை இல்லை. "அதனாலென்ன," என்று பக்கத்து வீட்டுக் குழந்தை ரக்ஷிதாவைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். "அப்ப இவ வயித்துல. இவ அம்மாவுக்கு ஏழாம் மாசம். சீமந்தத்துக்கு மண்டபம் பேசி, பூ சொல்லி, எல்லாம் தண்ணில போச்சு. நான் பண்ணின புளியோதரையும் போச்சு."

"எப்பன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் சுபாஸ்ரீ.

அவர் வாயைத் திறந்தார். இரண்டு பெண்களும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"பத்திரிகை இருக்கே," என்றார் அவர். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் பூசிய சீமந்தப் பத்திரிகையை உருவிக் கொடுத்தார். தேதி, நட்சத்திரம், நேரம் எல்லாம் அச்சில் இருந்தன.

"சுபா," என்றாள் சாஹித்யா மெதுவாக, "இந்தச் சந்துல எத்தன ரெக்கார்டு இருக்குது, பாத்தியா? அரசாங்கத்துக்கிட்டகூட இல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் சுபாஸ்ரீ எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள். குப்புற விழுவதற்கு நாலு மாதம், தவழ்வதற்கு எட்டு மாதம், நடைக்குப் பதின்மூன்று மாதம் என்று போட்டுப் பிறந்த தேதியோடு கூட்டினாள். குழந்தைக்குக் குழந்தை முன்னே பின்னே இருக்கும்தான். ஒரு வீட்டை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அறுபத்தொரு வீட்டையும் சேர்த்து வரைந்தபோது திரையில் மூன்று மேடுகள் எழும்பின. இரண்டாயிரத்து இருபதாம் வருஷத்து அக்டோபரில் ஒன்று. இருபத்திரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில் ஒன்று, அது சீமந்தப் பத்திரிகைத் தேதிக்கு நேர் மேலே. இருபத்துநாலு செப்டம்பர் தொடக்கத்தில் ஒன்று. மழை அளவுப் பதிவை எடுத்துப் பார்த்தாள். பெருமழை பெய்த நாட்களும் அங்கேயேதான் இருந்தன.

மேசையில் தனியாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எண்பத்தாறு மார்க் வாங்கியபோதுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

மூன்று மணிக்கு அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. சாய்குமாரின் மேசைக்கு எதிரே மற்ற இரண்டு அங்கன்வாடிகளுக்காக வந்தவர்கள் தடித்த கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சுபாஸ்ரீயிடம் இரண்டே தாள். அழைக்காத கூட்டம் என்பதால் சாஹித்யாவுக்குப் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மேடம், இன்றைக்கு என்ன அனுப்புகிறீர்கள்? கப்பலா?" என்றார் சாய்குமார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அவர் கை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

படித்தார். புருவம் சுருங்கியது. "இது என்ன, இருபத்துநாலு செப்டம்பர் ஒன்று. வெள்ளத்தின் ஆழம்... ஹர்ஷாவின் கழுத்து." நிமிர்ந்தார். "மீட்டர் தெரியும், அடி தெரியும். ஹர்ஷா என்பது என்ன அளவு?"

அறை முழுக்கச் சிரித்தது. சாஹித்யாவும் சிரித்துவிட்டாள்.

சுபாஸ்ரீ ஒரு முறை செருமினாள். "பையன், சார். மூணே முக்கால் வயசு."

பிறகு எப்படி அளந்தார்கள் என்று சொன்னாள். மாவுக் கை, பதிவேடு, சீமந்தப் பத்திரிகை, மூன்று மேடுகள், மழைப் பதிவு. குரல் சன்னமாகத்தான் இருந்தது. கேட்பதற்காக எல்லோரும் முன்னால் சாய வேண்டியிருந்தது. சாய்ந்தார்கள்.

"சரி," என்றார் சாய்குமார். "எழுபத்துநாலு சென்டிமீட்டர். எவ்வளவு இருக்கும்?"

சுபாஸ்ரீ சுற்றுமுற்றும் பார்த்தாள். "உங்க மேசை, சார். அதோட விளிம்பு."

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். தரையில் வைத்திருந்த தன் கோப்பை ஒருவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது ஹர்ஷா வீட்டுல, சார். வீடு தெரு மட்டத்துல இருக்கு. அங்கன்வாடி எதிர்ல, அதைவிட மூணு படி கீழ. நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர்." கையிலிருந்த இரண்டாவது தாளை நீட்டினாள். "கூட்டினா நூத்திப் பத்தொன்பது. இருபத்தேழு பிள்ளைங்கள்ல உயரமானவ நூத்தியெட்டு."

சாய்குமார் தாளை வாங்கவில்லை.

"அப்போ அந்தக் குழந்தைகள்..."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, சார்."

  மற்ற இரண்டு அங்கன்வாடிக்காக வந்தவர்களில் ஒருவர் தன் கோப்பைத் திறந்து பார்த்தார், பிறகு மூடிவிட்டார். எங்களுக்கு முழங்கால் வரைக்கும்தான் வந்திருக்கிறது என்றார்.

சாய்குமார் பேனாவை எடுத்து எழுதினார். எழுதிவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பினார். லேத் பஸ்தி, மாடி அறை, திங்கட்கிழமை முதல். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுத ஆரம்பித்து நிறுத்தினார்.

"ஒரு விஷயம், மேடம். மாடிக்கு முன்னால் வராந்தா இருக்கிறது. இரும்புக் கம்பித் தடுப்பு. கம்பிக்குக் கம்பி இடைவெளி அதிகம், பெரியவர்களுக்காகப் போட்டது. தண்ணீரிலிருந்து தப்பித்து வந்த குழந்தை கம்பிக்குள் தலையை விட்டால்? இருப்பதிலேயே சின்னக் குழந்தையின் தலை எவ்வளவு அகலம்?"

சாஹித்யா சுபாஸ்ரீயைப் பார்த்தாள். தாளில் அது இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"தெரியாது சார்," என்றாள் சுபாஸ்ரீ. "கேட்டுட்டு வரேன்."

சனிக்கிழமை காலை லேத் பஸ்தி அங்கன்வாடியில் இருபத்தேழு பேரும் வரிசையில் நின்றார்கள். லூர்துமேரி ஒவ்வொரு தலையையும் நேராகப் பிடிக்க, சுபாஸ்ரீ காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு அட்டையை வைத்து, நடுவில் ஸ்கேலால் அளந்தாள். படியில் பாமாவின் கணவர் கம்பிகளைச் சாய்த்து வைத்து, சாக்கட்டியோடு காத்திருந்தார். வெல்டிங் கூலி வேண்டாம், கம்பி மட்டும் வார்டு கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்.

கடைசியாக ரக்ஷிதா. இருப்பதில் அவள்தான் சின்னவள். போட்டோவுக்கு நிற்பதுபோல மூச்சைப் பிடித்து நின்றாள்.

"பதிமூணு," என்றாள் சுபாஸ்ரீ. "அண்ணா, உடம்புகூட நுழையக் கூடாது, ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி வேண்டாம்."

ரக்ஷிதா நகரவில்லை. அட்டை இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள். இப்போது அக்காவின் முறை என்று தெலுங்கில் சொன்னாள். சுபாஸ்ரீ படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தாள். ரக்ஷிதா அட்டைகளைக் காதோடு சேர்த்து நன்றாக அழுத்தி, ஸ்கேலைத் தலைகீழாக வைத்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"எனிமிதி," என்று அறிவித்தாள். எட்டு.

வரிசை முழுக்க அதை ஒத்துக்கொண்டது. சுபாஸ்ரீ தாளில் தன் பெயரை எழுதி, எதிரில் எட்டு என்று குறித்துக்கொண்டாள். பாமாவின் கணவர் சாக்கட்டியைக் கம்பியில் வைத்தபடி, இடைவெளிக்கு எட்டா ஒன்பதா, எதைக் குறிக்கட்டும் என்று கேட்டார்.